ஓரத்திலிருந்து நடுவுக்கு

படத்தில் பார்த்ததைவிட நீலம் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது.

பல்லுக்காரர் காசை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். மறுபக்கம் சாய்த்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். எங்கோ ஒரு தூர தேசத்தில், அவருடைய அப்பா பிறப்பதற்கும் முன்னால் அடித்த வெள்ளிக் காசு. ஒரு பக்கம் சிறகு விரித்த பறவை, மறுபக்கம் பக்கவாட்டில் திரும்பிய ஒரு பெண்ணின் முகம். தரம் பார்க்கிறவர்கள் பார்த்து, மதிப்பெண் போட்டு, இனி யார் விரலும் படாதபடி தடித்த பிளாஸ்டிக் வில்லைக்குள் சீல் வைத்து அடைத்த காசு. ஏல வலைத்தளத்தில் படத்தை மட்டும் பார்த்து அவர் எடுத்தது. அந்தப் படத்தில் விளிம்பில் வைக்கோல் மஞ்சள், அதற்குள்ளே செம்பு, அதற்கும் உள்ளே திராட்சை நிறம், கடைசியாக நூல் கனத்தில் ஒரு நீலம். நூல் அந்தப் பெண்ணின் கூந்தலைத் தொடாமல் நின்றிருந்தது. கையில் இருந்த காசில் தொட்டிருந்தது.

"வெளிச்சம்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆனால் நிறம் பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. செயற்கைப் பல் செய்யும் லேப்பில் பாதி ஆயுளைக் கழித்தவர். பக்கத்துப் பல்லின் மஞ்சள் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். காசு சேர்க்கும் கூட்டத்தில் அவருக்குப் பல்லுக்காரர் என்று பெயர் வந்ததே அதனால்தான். பழைய வெள்ளி காற்றுப் பட்டு நிறம் மாறுவதை அந்தக் கூட்டத்தில் டோனிங் என்பார்கள். அழுக்கென்று சாம்பல் போட்டுத் தேய்த்துவிடுகிறவர்களும் உண்டு, அந்த நிறத்துக்காகவே அலைகிறவர்களும் உண்டு. அது எப்போதும் விளிம்பில் ஆரம்பித்து நடுவை நோக்கி வரும். அவசரமே படாது. ஒரு நூல் தூரம் நகர வருடக்கணக்கில் ஆகும்.

பார்சல் வந்து பல நாளாகச் செருப்பு அலமாரியின் மேல் கிடந்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரியே போய்வந்துகொண்டிருந்தார். கடைசியில் அவர் மனைவிதான் எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"அண்ணி ஆசைப்பட்ட காசுதானே. பிரிச்சுப் பாருங்க. பிரிக்காம வச்சிருந்தா மட்டும் அவங்க திரும்பி வந்துடப் போறாங்களா?"

அண்ணி என்று அவள் சொன்னது அவருடைய அக்காவை. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நுரையீரல் கெட்டியாகிப் போன பிறகு தம்பி வீட்டுப் பின்னறைக்கு வந்தாள். மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டே இருக்கும் ஆக்சிஜன் மெஷின். மூச்சுக்குத்தான் பஞ்சம், வாய்க்கு இல்லை. சாயங்காலத்தில் அவர் மடிக்கணினியோடு அவள் கட்டில் ஓரத்தில் உட்காருவார். இருவரும் ஏலப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள்.

"இது என்னடா, மழைத் தண்ணியில பெட்ரோல் சிந்துன மாதிரி. இதுக்கா அடிச்சுக்கறீங்க?" என்பாள். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. அப்புறம் அவளே ஒரு படத்தில் கண்ணை வைத்தாள். "இவளைப் பாரேன். இந்த நீலக்காரி. இவளை விடாதடா. வந்ததும் மொதல்ல எனக்குக் காட்டு."

காட்ட முடியவில்லை. நீலக்காரியின் ஏலம் முடிந்த அதே மத்தியானம் அக்கா போய்விட்டாள்.

அவர் காசைப் பின்னறையில், அக்காவின் ஜன்னல் மேடையில் கொண்டுபோய் வைத்தார். கட்டிலை மடித்துச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். வாடகை மெஷினை ஆள் வந்து எடுத்துப் போயிருந்தான். அது நின்ற இடத்தில் தரை மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. இருந்தாலும் அறையில் சூடான பிளாஸ்டிக் வாசனையும், நெஞ்சில் தடவும் தைலத்தின் வாசனையும் போகவில்லை. அங்கே மூச்சை இழுத்தால் கொஞ்சம் கனமாக உள்ளே போவது போல இருந்தது.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது நீலம் பெண்ணின் காதைத் தாண்டியிருந்தது.

இந்தத் தடவை வெளிச்சத்தின் மேல் பழி போட முடியவில்லை. அவர் போனில் ஒரு படம் எடுத்தார். பழைய ஏலப் படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. புதுப் படத்திலும் நூல் கூந்தலுக்கு வெளியில்தான் நின்றது, நடுப்பகுதி பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. போனை இறக்கிக் காசைப் பார்த்தார். காது முழுக்க நீலம். கழுத்தின் அடியில் திராட்சை நிறம் ஊறிக்கொண்டிருந்தது, பிளாட்டிங் தாளில் மை ஊறுகிற மாதிரி.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலைங்க. படத்துல இருந்த மாதிரியேதான் இருக்கு." அவள் காசைவிட அவர் முகத்தைத்தான் அதிக நேரம் பார்த்தாள். "ராத்திரி தூங்கறீங்களா இல்லையா? உங்களால முடிஞ்சதெல்லாம் அவங்களுக்குச் செஞ்சீங்க. அதுக்கு மேல யாரால என்ன பண்ண முடியும்?"

 அவள் அன்பாகச் சொல்லச் சொல்ல அது முள்ளாகத்தான் இறங்கியது. அக்கா போன அன்றைக்கு அவர் குளித்துக்கொண்டிருந்தார், அதனால் எதுவும் கேட்கவில்லை என்று அவளிடம் சொல்லியிருந்தார். அவள் அதை நம்பினாள். வந்தவர்கள் எல்லோரிடமும் அவளே அதைச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காசை எடுத்துக்கொண்டு லென்ஸின் கடைக்குப் போனார். லென்ஸ் அவருடைய காசு நண்பர். ஸ்டேஷனரிக் கடை வைத்திருப்பவர். சாப்பிடப் போனாலும் சட்டைப் பையில் பூதக்கண்ணாடி இருக்கும். வாசலிலேயே, "வாங்க பல்லு சார், நீலக்காரியை இப்பவாவது கண்ணுல காட்டணும்னு தோணுச்சே" என்றார்.

கடையின் பின்கட்டில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில், மேசை விளக்குக்குக் கீழே லென்ஸ் காசை நெடுநேரம் பார்த்தார். பல்லுக்காரர் காசைப் பார்க்கவில்லை. லென்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடேயப்பா, படத்துல பார்த்தது பொய்யில்லை. நடுவுல ஒரு தூசு இல்லை. பால் மாதிரி இருக்கு."

"கன்னத்துல நீலம் இல்லையா?"

"கன்னத்துலயா?" லென்ஸ் நிமிர்ந்தார். "என்ன சார் விளையாடறீங்க?"

பல்லுக்காரர் குனிந்து பார்த்தார். விளக்கின் நேர் வெளிச்சத்தில், பூதக்கண்ணாடியின் அடியில், நீலம் கன்னத்தைக் கடந்து உதட்டின் முனையைத் தொட்டிருந்தது. அந்த நீலம் அவருக்குத் தெரியும். அந்த உதட்டையும், அதன் ஓரத்தில் படிந்த அந்தச் சாம்பல் கலந்த நிறத்தையும் அவர் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருந்தார். அது வெள்ளியில் இல்லை.

"உட்காருங்க, உட்காருங்க. என்ன, வேர்த்துக் கொட்டுது." லென்ஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பேச்சை மாற்றுகிறவர் போல, "அன்னிக்கு என்ன போட்டி சார்" என்றார். "நான் போன்ல உங்ககூடவே இருந்தேனே. கடைசி நிமிஷத்துல எவனோ ஒருத்தன் ஏத்திக்கிட்டே போறான், நீங்க விடாம நிக்கறீங்க. எனக்கே நெஞ்சு படபடன்னு அடிச்சுது. அதுக்கு நடுவுல உங்க வீட்டு வாஷிங் மெஷின் வேற, கூவிக்கிட்டே இருந்துச்சு."

பல்லுக்காரர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"என்ன சத்தம் சார்னு கூடக் கேட்டேன். நீங்கதான் சொன்னீங்க, துணி முடிஞ்சிருச்சு, அப்புறம் போய்ப் பார்த்துக்கலாம்னு." லென்ஸ் சிரித்தார். "அந்தச் சத்தம் எனக்கு ரெண்டு நாள் காதுலயே இருந்துச்சு, போங்க."

வீட்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

குழாய் மடங்கினாலோ கழன்றாலோ அக்காவின் ஆக்சிஜன் மெஷின் கூவும். வாரத்தில் பல தடவை கூவும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, தலையணைக்கு அடியில் குழாய் நசுங்கியிருக்கும். அக்காவே எட்டிச் சரிசெய்துகொள்வாள். அன்றைக்கும் செய்துகொள்வாள் என்று நினைத்தார். மனைவி கடைக்குப் போயிருந்தாள், மகள் கல்லூரியில் இருந்தாள். கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. கூவல் நிற்கவில்லை. அதற்கு நடுவில் கட்டில் சட்டத்தில் எதுவோ தட்டுகிற சத்தம் வந்தது. மோதிர விரலால் தட்டுவது அவள் வழக்கம். திரையில் கடிகாரம் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம்தான். இதோ. இப்போது எழுந்தால் போய்விடும். அவளுக்காகத்தானே. அவள் கேட்ட காசுதானே. இதோ வந்துட்டேன் அக்கா.

தட்டல் நின்றது. ஏலம் அப்புறம்தான் முடிந்தது. வென்ற சந்தோஷத்தோடு, மடிக்கணினியைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு, காட்டுவதற்காக அவர் உள்ளே போனார். அந்தச் சந்தோஷத்தைத்தான் அவரால் இன்றுவரை யாரிடமும் சொல்ல முடியவில்லை. கதவைத் திறந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. அக்காவின் கண்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் நகங்களில் திராட்சை நிறம். உதட்டில் நீலம்.

அப்புறம்தான் ஓடிப்போய்க் குளியலறைக் குழாயைத் திறந்து தலையை நனைத்துக்கொண்டார்.

மறுநாள் காசைத் திருப்பி விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். விற்பதற்குப் படம் வேண்டும். மத்தியான வெளிச்சத்தில், பின்னறை ஜன்னல் மேடையில் கறுப்புத் துணி விரித்துக் காசை வைத்தார். எடுத்த ஒவ்வொரு படத்திலும் அது அழகாக விழுந்தது. மஞ்சள், செம்பு, திராட்சை, நூல் நீலம், நடுவில் பால் வெள்ளை. யாராயிருந்தாலும் ஆசைப்படுவார்கள். கடைசிப் படத்தை எடுத்துவிட்டுப் போனைத் தாழ்த்தியபோது வில்லைக்குள் பனி பூத்திருந்தது. பெண்ணின் வாய்க்கு எதிரே, பிளாஸ்டிக்கின் உட்புறத்தில், சின்ன வட்டமாக ஒரு மங்கல். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது மறைந்தது. மறுபடி பூத்தது. மறைந்தது.

அவர் தன்னையறியாமல் அதோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நிறுத்திப் பார்த்தார். மங்கல் நிற்கவில்லை. குட்டை மூச்சு. பூத்தது. மறைந்தது. இடைவெளி நீண்டது. மறுபடி பூக்க நெடுநேரம் ஆனது.

கடைசி மாதங்களில் அக்கா அப்படித்தான் மூச்சு விட்டாள்.

காசைத் துணியில் சுருட்டிக்கொண்டு லேப்புக்குப் போனார். சாயங்காலம், எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். வரிசையாகப் பிளாஸ்டர் தாடைகள் அலமாரியில் வாய் பிளந்தபடி இருந்தன. தன் இருக்கையில் உட்கார்ந்து விளக்கைப் போட்டு, பல் அறுக்கும் சிறு சக்கரத்தை எடுத்தார். இப்படி வில்லையை உடைத்தால் காசின் மதிப்பு போய்விடும், எந்தச் சேகரிப்பாளனும் செய்யமாட்டான். மதிப்பு போகட்டும். உள்ளே இருப்பது வெளியே வரட்டும். அவளுக்குக் காற்று வேண்டும். அவ்வளவுதான். இப்போதாவது கதவைத் திறந்துவிட வேண்டும்.

"அக்கா, வந்துட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னார்.

சக்கரம் ஓரத்தில் இறங்கியது. பிளாஸ்டிக் கருகும் வாசனை. ஒரு விரிசல். அப்புறம் உள்ளேயிருந்து காற்று வந்தது. ஒரு காசு அளவு இடத்தில் அவ்வளவு காற்று இருக்க முடியாது. வெதுவெதுப்பாக, நீளமாக, தைல வாசனையோடு, அவர் கைகளின் மேலும் முகத்தின் மேலும் அது வந்துகொண்டே இருந்தது. அலமாரியில் தாடைகளுக்கு நடுவில் செருகியிருந்த மருத்துவர் சீட்டுகள் படபடத்தன. பிறகு ஓய்ந்தது.

காசு மேசையில் கிடந்தது. நீலம் இல்லை. செம்பு இல்லை. ஒரு சொட்டு மஞ்சள்கூட இல்லை. நேற்று அடித்த மாதிரி வெள்ளைவெளேரென்று இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தில் ஒன்றும் இல்லை, அமைதி மட்டும்.

பல்லுக்காரர் அழுதார். நெடுநாளுக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று நினைத்தார். காறித் துப்பினாலும் துப்பட்டும்.

வீட்டில் மனைவி இல்லை. மகள்தான் கதவைத் திறந்தாள். கல்லூரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"என்னப்பா, கண்ணெல்லாம் சிவந்திருக்கு?"

 கூடத்து ஜன்னல் வழியாக இறங்குகிற வெயில் அவள் மேல் சாய்வாக விழுந்தது. அவள் காது மடலின் விளிம்பில் வைக்கோல் மஞ்சள் ஓடியிருந்தது. அதற்குள்ளே செம்பு.

"அசையாதே."

"என்னப்பா?"

அவள் கையைப் பிடித்துத் திருப்பினார். நக நுனிகளில் திராட்சை நிறம். விரல்களில் நீலம், நூல் கனத்தில், மணிக்கட்டை நோக்கி.

இந்தத் தடவை அவர் காத்திருக்கவில்லை. எதையும் யோசிக்கவில்லை. போனை எடுத்தார், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார், முகவரியைக் கத்திச் சொன்னார். மகள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவளைச் சோபாவில் உட்காரவைத்து, வீட்டிலிருந்த எல்லா ஜன்னல்களையும் திறந்தார். வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. வந்த ஊழியர் அவள் விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"எல்லாம் நல்லா இருக்கு சார். ஆக்சிஜன் தொண்ணூத்தெட்டு. என்னைவிட நல்லா இருக்காங்க."

"உதட்டைப் பாருங்க."

"பார்த்தேன் சார். நல்ல நிறமாத்தான் இருக்கு." ஊழியர் அவர் தோளில் மெதுவாகக் கை வைத்தார். "வீட்ல சமீபத்துல ஏதாவது துக்கமா?"

மகள் தலையாட்டினாள். வாசல் வரை போய் அவரிடம் ஏதோ தணிந்த குரலில் பேசி, மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தாள். திரும்பி வந்து அப்பாவின் எதிரில், வெளிச்சத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா. எனக்கு ஒண்ணும் இல்லை. நம்ப மாட்டேங்கறீங்கன்னா ஒரு போட்டோ எடுங்க. நீங்களே பாருங்க."

அவர் எடுத்தார். முதல் படம் கலங்கிப்போனது. இரண்டாவது தெளிவாக விழுந்தது. திரையில் அவருடைய மகள் இருந்தாள். மாசு மருவில்லாத முகம், ரோஜா நிறத்தில் உதடு, கொஞ்சம் பயமும் கொஞ்சம் கேலியும் கலந்த சிரிப்பு.

"பார்த்தீங்களா?" என்றாள் அவள்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிட்டுக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

"அப்பா, என்னைப் பாருங்க."

போனைத் தாழ்த்தினார்.

நெற்றி முடிந்திருந்தது. கழுத்து முடிந்திருந்தது. மஞ்சளும் செம்பும் இருந்த இடமெல்லாம் இப்போது நீலமாகி, இரண்டு கன்னத்திலிருந்தும் உள்ளே வந்துகொண்டிருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மூக்கையும் வாயையும் சுற்றி ஒரு காசு அகலத்துக்கு மட்டும் வெள்ளை மிச்சமிருந்தது. அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். அது சுருங்கியது.